ஸ்டியரிங்கின் கனம் வேறு, சேதி வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஓட்டுகிற ஸ்டியரிங் செட்டுகளைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தீர்கள். தமிழ்ப் பேப்பரில் இந்த விஷயம் வந்ததே எனக்குச் சந்தோஷம். ஆனால் பக்கத்தின் நடுவில் கட்டம் கட்டிக் கொடுத்திருந்த யோசனை தவறு. ஃபோர்ஸ் ஃபீட்பேக் விசையை, அதாவது உள்ளே இருக்கிற மோட்டார் ஸ்டியரிங்கைக் கைக்கு எதிராக இழுக்கிற விசையை, முழு அளவுக்கு ஏற்றி வைத்தால்தான் நிஜ வண்டியின் கனம் கைக்குத் தெரியும் என்று அதில் இருந்தது. எங்கள் தெருவில் இரண்டு பையன்கள் அன்று சாயங்காலமே அப்படிச் செய்துவிட்டார்கள். அதில் ஒருவனிடம் இருப்பது மோட்டாரும் ஸ்டியரிங்கும் ஒரே தண்டில் இணைந்த டைரக்ட் டிரைவ் வகை, 8 நியூட்டன் மீட்டர் (திருப்பு விசையின் அளவு இது) விசை கொண்டது. மறுநாள் காலையில் பால் வாங்கப் போகும்போது பார்த்தேன், வலது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தான். விளையாட்டில் கார் செவுத்தில் மோதியதாம், ஸ்டியரிங் திரும்பி அடித்ததாம். அதனால்தான் இந்தக் கடிதம்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தங்கவயலில் பிறந்து, பிழைப்புக்காக பெங்களூருக்கு வந்தவன். 1986-ல் லால்பாக் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எடுபிடியாகச் சேர்ந்தேன். 34 வருஷம் வீல் அலைன்மென்ட் வேலை. ஆரம்பத்தில் பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரத்துக்கு நூல் கட்டி, அளவுகோல் வைத்து டோ, அதாவது சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு, பார்ப்போம். பிறகு வெளிச்சம் அடித்துப் பார்க்கிற மெஷின் வந்தது, அதன் பிறகு கேமரா வைத்த கம்ப்யூட்டர் மெஷின். எத்தனை ஆயிரம் வண்டி என்று எண்ணியதில்லை. ஒவ்வொரு வண்டியையும் வேலை முடிந்ததும் நானே ரோட்டில் ஓட்டிப் பார்த்துத்தான் சாவியைக் கொடுப்பேன். மெஷின் பச்சை காட்டினாலும் என் கை ஒத்துக்கொள்ள வேண்டும். ஸ்டியரிங் என்ன பேசுகிறது என்று கேட்பதுதான் என் தொழிலாக இருந்தது.

என் மகள் வயிற்றுப் பேரன் பி.யு.சி. முதல் வருஷம் (பதினொன்றாம் வகுப்பு) படிக்கிறான். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி நேரத்தில் ஃபார்முலா 4 பந்தயம் நடந்ததே, அதைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. பத்தாவதில் நல்ல மார்க் எடுத்ததற்காக மாரத்தஹள்ளியில் ஒரு ஐ.டி. பையனிடமிருந்து பழைய லாஜிடெக் ஜி29 ஸ்டியரிங் செட் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். பையன்கள் இதை வீல் என்கிறார்கள். சாப்பாட்டு மேஜையின் ஒரு ஓரத்தில் அதை முடுக்கி வைத்திருக்கிறான். பெடல் வழுக்காமல் இருக்க, சுவரோடு சேர்த்து ஒரு பலகையை முட்டுக் கொடுத்தது நான்தான். விளையாட்டின் பெயர் அசெட்டோ கோர்சா. இத்தாலிக்காரர்கள் செய்தது, 2014-ல் முழுமையாக வெளிவந்தது. பழையது என்றாலும் ஸ்டியரிங் பிடிக்கிறவர்கள் இன்னும் அதை விடவில்லை.

அதற்கு முன்பு, கட்டைவிரலால் அசைக்கிற கன்ட்ரோலரில்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். வாங்கி இரண்டு வாரம் கழித்து அவன் முகம் வாடிப்போயிருந்தது.

"தாத்தா, வீல் வாங்குனதுக்கு அப்புறம் முன்னவிட மோசமா ஓட்டுறேன். கன்ட்ரோலர்ல ஓட்டுனப்பவே நல்லா இருந்துச்சு."

"என்ன பண்ணுது சொல்லு."

"நேரா போறப்ப தானா ஆடுது. திருப்பத்துல கல்லு மாதிரி இறுகிக்குது. வெளிய வர்றப்ப சர்ருனு சுத்திடுது. கையெல்லாம் வலிக்குது தாத்தா."

நேராகப் போகும்போது ஆடுகிறது, இறுகுகிறது, இழுக்கிறது. 34 வருஷம் இதே புகாரைத்தானே கேட்டேன்! "நகரு, நான் பாக்குறேன்" என்று உட்கார்ந்தேன். அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தவன் எழுந்தபோது விளக்கு வைக்கும் நேரம்.

அலைன்மென்ட்டில் ஒரு வரிசை உண்டு. முதலில் ஸ்டியரிங்கை நடுவில் நிறுத்தி, சீட்டோடு சேர்த்துக் கவ்வி போட்டுப் பூட்டுவோம். பிறகு பின் சக்கரம், அதற்குப் பிறகு முன் சக்கரத்தின் கேஸ்டர் (சக்கரம் திரும்புகிற அச்சின் முன்பின் சாய்வு), கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு), எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் டோ. வரிசையை மாற்றினால் ஒன்றைச் சரிசெய்யும்போது முன்பு சரிசெய்தது கலைந்துவிடும். இந்தக் கம்ப்யூட்டர் ஸ்டியரிங்கிலும் அப்படித்தான் என்பது எனக்கு அரை மணி நேரத்தில் புரிந்தது. பையன்கள் எல்லோரும் முதலில் கை வைக்கிற இடம் விசை. அதுவோ கடைசிக்கு முந்தியது.

ஸ்டியரிங்கின் உச்சியில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டினேன். பந்தயக்காரர்கள் நிஜக் காரிலும் இப்படி ஒட்டுவது உண்டு. பிறகு காரை நிறுத்தி வைத்துக்கொண்டு, கையால் கால் சுற்று ஒடித்தேன். திரையில் தெரிந்த ஸ்டியரிங்கோ முக்கால் சுற்றுக்கும் மேலே போய் நின்றது. இதுதான் முதல் நோய். ஜி29 மொத்தம் 900 டிகிரி சுற்றும், அதாவது ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இரண்டரைச் சுற்று. முன்பு வைத்திருந்தவர் வீலோடு வருகிற மென்பொருளில் அதை 240 டிகிரியாகக் குறைத்து வைத்திருக்கிறார். விளையாட்டோ 900 என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பேரன் 10 டிகிரி ஒடித்தால் காருக்கு 37.5 டிகிரி போகிறது. இப்படி ஒரு வண்டி என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்தால், ரோட்டில் இறக்கவே விட்டிருக்க மாட்டேன். அவன் நேர் ரோட்டில் ஆடியதில் என்ன ஆச்சரியம்? இரண்டு இடத்திலும் 900 என்று வைத்ததும் என் கையும் திரையில் இருந்த கையும் ஒன்றாக அசைந்தன.

ஒவ்வொரு காருக்கும் அளவு வேறு என்பதையும் சொல்ல வேண்டும். ரோட்டுக் கார்களுக்குப் பெரும்பாலும் கோடிக்குக் கோடி மூன்று சுற்றுப் பக்கம் இருக்கும். ஃபார்முலா 1 காரில் ஏறத்தாழ ஒரே சுற்றுதான், அதனால்தான் அவர்கள் கையை எடுத்து மாற்றிப் பிடிப்பதே இல்லை. ஆனால் அதற்காக நாம் மென்பொருளில் காருக்குக் கார் மாற்ற வேண்டியதில்லை. வீலை முழு அளவில் விட்டு, விளையாட்டிலும் அதே எண்ணைக் கொடுத்தால், காருக்கு ஏற்றபடி அசெட்டோ கோர்சா தானே பார்த்துக்கொள்கிறது.

அடுத்து, கன்ட்ரோலரில் விளையாடிய காலத்து அமைப்புகள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. வேகம் கூடக்கூட ஸ்டியரிங்கின் கூர்மையைக் குறைக்கிற ஒன்று, கையசைவை மெழுகி வழவழப்பாக்குகிற ஒன்று, நடுவில் மந்தமாகவும் ஓரத்தில் வேகமாகவும் வளைக்கிற காமா என்று ஒன்று. கட்டைவிரலால் ஓட்டுகிறவனுக்கு இவை தேவை. நிஜ ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்கு விஷம். முதல் இரண்டையும் 0, காமாவை 1. அவ்வளவுதான்.

இனி விசை. இங்கேதான் உங்கள் கட்டுரையோடு எனக்குச் சண்டை.

நிஜ வண்டியில் ஸ்டியரிங்குக்கு அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது? ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் சக்கரத்தைப் பாருங்கள். சக்கரம் அச்சுக்குப் பின்னால் தள்ளி இருக்கும். தள்ளினால் தானாகப் போகிற திசைக்குத் திரும்பிக்கொள்ளும். காரின் முன் சக்கரத்திலும் கேஸ்டர் கோணத்தால் இப்படி ஒரு பின்னிழுப்பு இருக்கிறது. அதோடு, வண்டி திரும்பும்போது டயரின் ரப்பர் தரையில் நசுங்கி முறுக்குகிறது. அந்தப் பக்கவாட்டு விசை டயரின் நடுவில் பிடிக்காமல் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பிடிக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் ஒடித்த ஸ்டியரிங்கை நேராக்கப் பார்க்கின்றன. நம் கை உணர்கிற கனம் இதுதான்.

இதில் ஒரு அதிசயம் இருக்கிறது, தயவுசெய்து கவனியுங்கள். டயர் தன் பிடிமானத்தின் எல்லையை நெருங்க நெருங்க, அந்த விசை பிடிக்கிற இடம் முன்னால் நகர்ந்து நடுவுக்கு வந்துவிடுகிறது. அதாவது டயர் வழுக்குவதற்குச் சற்று முன்பே ஸ்டியரிங் லேசாகிறது. கனம் ஏறி, ஏறி, பிறகு ஒரு சின்ன இறக்கம். "அண்ணே, இதுக்கு மேல என்னால முடியாது" என்று டயர் சொல்கிற இடம் அது. மழை பெய்த மறுநாள் ஓசூர் ரோடு வளைவில் பவர் ஸ்டியரிங் இல்லாத மாருதி 800-ஐச் சோதனை ஓட்டம் ஓட்டியபோது அந்த லேசை நான் கையில் வாங்கியிருக்கிறேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், வண்டி வழுக்காமல் ரோட்டைப் பிடித்து நின்றது. அந்த ஒரு நொடிச் சேதி இல்லாவிட்டால் இன்றைக்கு இந்தக் கடிதம் எழுத நான் இருந்திருப்பேனா என்று தெரியாது.

ஆக, கனம் பெரிதல்ல. கனத்தில் வருகிற ஏற்ற இறக்கம்தான் சேதி. விசையை உச்சத்தில் வைத்தால் அந்தச் சேதி செத்துப்போகிறது. எப்படி என்று சொல்கிறேன். ஜி29-க்குள் இருக்கிற மோட்டார்கள் கொடுக்கக்கூடிய விசை சுமார் 2 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் அதற்குச் சக்தி கிடையாது. விளையாட்டு கணக்குப் போட்டு 2 கேட்டால் 2 கொடுக்கும், 3 கேட்டாலும் 2, 4 கேட்டாலும் 2. மளிகைக் கடையில் 10 கிலோ தராசில் 12 கிலோ வைத்தாலும் 15 கிலோ வைத்தாலும் முள் கடைசிக் கோட்டிலேயே நிற்குமே, அதுபோல. இதைப் பையன்கள் கிளிப்பிங் என்கிறார்கள். வளைவு முழுக்க ஸ்டியரிங் ஒரே கல்லாக இறுகி நிற்கும். டயர் பிடிக்கிறதா, விடப்போகிறதா, விட்டே போய்விட்டதா, எதுவும் கைக்கு வராது. பேரன் கல்லு மாதிரி என்று சொன்னது இதைத்தான். அவன் வளைவு முடிந்து வெளியே வரும்போது சுழன்றதற்கும் இதுவே காரணம். சேதி வராததால் டயர் கைவிட்டபின்தான் அவனுக்குத் தெரிந்தது.

நிஜக் காரில் இருப்பவனுக்கு இன்னொரு துணையும் உண்டு. பின்பக்கம் நழுவினால் இடுப்பு சொல்லிவிடும். முதுகு சொல்லிவிடும். சாப்பாட்டு மேஜையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அந்த இடுப்பு இல்லை. அவனுக்கு இருப்பது கண், காது, கை. அதில் கையையும் மரத்துப்போக வைத்தால் அவன் எதைக் கொண்டு ஓட்டுவான்?

கிளிப்பிங்கைக் கண்டுபிடிக்க அந்த விளையாட்டிலேயே வழி இருக்கிறது. பெடல் எவ்வளவு மிதிபட்டது என்று காட்டுகிற சின்னக் கட்டத்தில், விசைக்கென்று ஒரு சாம்பல் நிறப் பட்டை இருக்கும். உச்சத்தை முட்டினால் சிவப்பாகும். பேரனை இத்தாலியின் மஜியோனே டிராக்கில் ஓட்டச் சொல்லிவிட்டு நான் பட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டரை கிலோமீட்டர் டிராக், வளைவுக்கு வளைவு சிவப்பு. கீபோர்டின் வலது பக்க எண் பலகையில் கழித்தல் பட்டனை அழுத்தினால் அந்தக் காருக்கு மட்டும் விசை குறையும். ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். நீண்ட வளைவில் பட்டை உச்சத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும், ஓரக் கல்லில் ஏறும்போது மட்டும் ஒரு நொடி சிவக்கலாம். விசை முன்பு இருந்ததில் பாதிக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கியதும் சிவப்பு நின்றது.

"தாத்தா, ரொம்ப லூஸா இருக்கு" என்றான் முதலில். "ரெண்டு சுத்து பொறுடா" என்றேன். மூன்றாவது சுற்றில் ஒரு வலது வளைவில் அவன் தானாகவே ஆக்சிலரேட்டரை லேசாக விட்டான். ஏன் விட்டாய் என்று கேட்டேன். "முன்னாடி வழுக்கப்போகுதுன்னு தோணுச்சு" என்றான். தோணுச்சு என்றானே, அது கையில் வந்த சேதி. எனக்கு இதைப் புரியவைக்க ஒர்க்‌ஷாப்பில் மேஸ்திரிக்கு ஒரு வருஷம் ஆனது. அன்று நான் சந்தோஷத்தில் அவன் தலையைத் தடவினேன்.

இன்னும் இரண்டு மூன்று சில்லறை விஷயம் இருந்தது. மென்பொருளில் சென்டரிங் ஸ்பிரிங் என்பதற்கு டிக் போட்டிருந்தது. பழைய விளையாட்டு எதற்கோ முன்பு வைத்திருந்தவர் போட்டிருக்க வேண்டும். டயர் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் ஸ்டியரிங்கை நடுவுக்கு இழுக்கிற பொய் விசை அது. எடுத்துவிட்டேன். ரோட்டு அதிர்வு, ஓரக் கல் அதிர்வு, வழுக்கல் அதிர்வு என்று டயர் விசையின் மேல் கூடுதலாகத் தூவுகிற அமைப்புகளும் மேலே ஏறியிருந்தன. வழுக்கல் அதிர்வை 0 ஆக்கி, மற்ற இரண்டையும் பெயருக்கு வைத்தேன். அடுத்து, குறைந்தபட்ச விசை என்று ஒன்று. ஜி29-ல் மோட்டாருக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே பல்சக்கரம் இருக்கிறது. சின்ன விசைகள் அந்தப் பல்சக்கரத்தின் உராய்விலேயே கரைந்துவிடும். அதனால் நடுவில் ஸ்டியரிங் செத்த மாதிரி இருக்கும், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராட் தேய்ந்த வண்டியில் பிளே, அதாவது தளர்ச்சி, இருப்பது போல. இந்த எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கையை விட்டால் ஸ்டியரிங் தானே நடுங்க ஆரம்பிக்கிற இடத்தைப் பிடித்து, அதற்கு ஒரு படி கீழே இறங்கினேன். எங்கள் வீலுக்கு 9-ல் நின்றது. உங்கள் வாசகர்களின் வீலுக்கு வேறு எண்ணாக இருக்கும், இந்த 9-ஐக் காப்பி அடிக்க வேண்டாம். டைரக்ட் டிரைவ் வகையில் பல்சக்கரமும் பெல்ட்டும் கிடையாது, அதற்கு 0 போதும். அங்கே தேவைப்படுவது ஸ்டியரிங்கின் வேகமான அசைவைத் தடுத்து அடக்குகிற டாம்பிங், அதுவும் நேர் ரோட்டில் ஸ்டியரிங் இப்படியும் அப்படியும் அலைவதை நிறுத்துகிற அளவுக்கு மட்டும்.

இப்போது பேரன் பத்துச் சுற்று ஓட்டினால் பத்தும் டிராக்குக்குள் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு 3 வினாடிக்கு மேல் குறைந்திருக்கிறது. கைவலி போய்விட்டது.

கட்டைவிரல் விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன். பெற்றோர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். டைரக்ட் டிரைவ் வீல்கள் இப்போது விலை இறங்கி வருகின்றன. 5, 8, 11 நியூட்டன் மீட்டர் என்று விற்கிறார்கள், அதற்கு மேலும் இருக்கின்றன. அது ஒரு நிஜ மோட்டார். சுவரில் மோதினால் ஒரே வெட்டாக ஸ்டியரிங்கைத் திருப்பிப் போடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பவர் ஸ்டியரிங் இல்லாத ஒரு ஜீப்பைக் கல் ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது ஸ்டியரிங் உதறி என் இடது கட்டைவிரல் பிசகியது. மேஸ்திரி அன்று சொன்னது: கட்டைவிரலை உள்ளே கொக்கி மாதிரி கோர்க்காதே, வளையத்தின் மேல் படுக்க வை. அதைத்தான் எங்கள் தெருப் பையனுக்கும் சொன்னேன். மோதப்போகிறது என்று தெரிந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்து மல்லுக்கட்டாமல் கையை விட்டுவிட வேண்டும். சின்னப் பிள்ளைகள் உட்காரும்போது மோட்டாரின் சொந்த மென்பொருளிலேயே உச்ச வரம்பைக் குறைத்து வைக்க வேண்டும். 8 இருக்கிறது என்பதற்காக 8-ஐயும் பயன்படுத்த வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

போன மாதம் கம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கேமிங் சென்டருக்குப் பேரன் கூப்பிட்டுப் போனான். கால் மணி நேரத்துக்கு 200 ரூபாய். நான்கு வீல், நான்கிலும் விசை உச்சத்தில். எட்டு வயசு இருக்கும் ஒரு பெண் குழந்தை, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைத் தொங்கிப் பிடித்துக்கொண்டு திருப்ப முடியாமல் அழுகிற நிலையில் இருந்தது. அங்கே இருந்த பையனிடம் குறைக்கச் சொன்னேன். கஸ்டமர்கள் ஸ்ட்ராங்காக இருப்பதைத்தான் விரும்புகிறார்கள் என்றான். பிறகு என் வயதைப் பார்த்து ஒரு வீலில் மட்டும் குறைத்தான். அந்தக் குழந்தை அதற்குப் பிறகு ஒரு சுற்று முழுசாக ஓட்டி முடித்தது. அதன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

விளையாட்டு என்று விட்டுவிட்டாலும், இன்னொரு இடத்தில் விட முடியாது. டிரைவிங் ஸ்கூல். 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் விதிப்படி, அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களில் சிமுலேட்டர் இருக்க வேண்டும், பயிற்சித் தளமும் இருக்க வேண்டும். இலகு ரக வாகனத்துக்கு 29 மணி நேரப் பாடம். நல்ல விதி, நான் வரவேற்கிறேன். இந்த வருஷம் என் தங்கை மருமகள் கார் பழகச் சேர்ந்த ஒரு ஸ்கூலில், அதன் பெயர் இங்கே வேண்டாம், மூலையில் ஒரு சிமுலேட்டர் வைத்திருந்தார்கள். ஆசையாகப் போய் உட்கார்ந்தேன். வண்டி நின்றுகொண்டிருக்கிறது. ஸ்டியரிங்கை முழுசாக இடது பக்கம் ஒடித்துக் கையை விட்டேன். டக் என்று நடுவுக்கு வந்து நின்றது. உள்ளே ஸ்பிரிங் மட்டும்தான்.

இதில் என்ன தப்பு என்று சிலர் கேட்கலாம். நின்றுகொண்டிருக்கும் காரில் ஸ்டியரிங்கை ஒடித்துக் கையை விட்டுப் பாருங்கள், ஒடித்த இடத்தின் பக்கத்திலேயே நிற்கும். சக்கரம் உருண்டால்தான், நான் மேலே சொன்ன அந்தப் பின்னிழுப்பு வேலை செய்து, ஸ்டியரிங் திரும்பி வரும். ஸ்பிரிங்கில் பழகியவர்கள் அது எப்போதும் தானே நேராகிவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். என் தங்கை மருமகள் அப்படித்தான், அல்சூர் மார்க்கெட் பக்கத்தில் பார்க்கிங்கிலிருந்து எடுக்கும்போது, ஒடித்த ஸ்டியரிங்கை நேராக்காமல் கிளட்சை விட்டு, பக்கத்தில் நின்ற ஸ்கூட்டரைத் தட்டிவிட்டாள். யாருக்கும் அடி இல்லை. ஆனால் அவள் மேல் மட்டும் பழி போட எனக்கு மனசு வரவில்லை. அவள் கைக்குத் தப்புப் பாடம் சொல்லிக் கொடுத்தது அந்த இயந்திரம்.

ஆர்.டி.ஓ. அதிகாரிகள் சிமுலேட்டர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், உட்கார்ந்து ஒருமுறை ஒடித்துக் கையை விட்டுப் பார்க்க வேண்டும். அரை நிமிஷ வேலை. நிற்கும்போது திரும்பி வந்தால் அது சரியில்லை. கையில் கால் சுற்று, திரையில் கால் சுற்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நம் ஆட்களுக்கு இந்தப் பந்தயம் அந்நியமானது இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயக் கார்கள் பறந்த கதையை என் மேஸ்திரி சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து டிராக் இருக்கிறது. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர். ஆனால் அந்த டிராக்கில் இறங்க எவ்வளவு பணம் வேண்டும் என்று விசாரித்தால் என் போன்றவர்கள் வீட்டில் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். கம்ப்யூட்டர் ஸ்டியரிங்கில் ஆரம்பித்த ஜான் மார்டன்பரோ என்ற பிரிட்டன் பையன் 2011-ல் ஒரு வீடியோ கேம் போட்டியில் ஜெயித்து, 2013-ல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தான். இது நடந்த விஷயம். என் பேரன் அப்படி ஆவான் என்று நான் சொல்லவில்லை, அவன் என்ஜினியரிங் படிக்க ஆசைப்படுகிறான். மர்பி டவுனிலும் ஸ்ரீராமபுரத்திலும் பழைய வீலை மேஜையில் முடுக்கி உட்கார்கிற எந்தப் பிள்ளைக்கும், அந்த வீலாவது உண்மை பேச வேண்டும் என்றுதான் கேட்கிறேன். தப்பான அமைப்பால் "எனக்கு இது வராது" என்று எழுந்து போகிற பிள்ளைகள் எத்தனை பேரோ.

ஆசிரியர் அவர்களே, அந்தக் கட்டம் வந்த இடத்திலேயே, அதே அளவில், ஒரு திருத்தம் போடுங்கள். கையையும் திரையையும் ஒத்துப்பார்க்கச் சொல்லுங்கள், பிறகு பட்டை சிவக்காத அளவுக்கு விசையை இறக்கச் சொல்லுங்கள், கட்டைவிரலை வெளியே வைக்கச் சொல்லுங்கள். நிஜக் காரோடு ஒப்பிட வேண்டுமானால், மாருதி 800-ஐ ஓட்டிய யாரிடமாவது கேட்டு எழுதச் சொல்லுங்கள். நம் ஊரில் அவர்களுக்குப் பஞ்சமில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வீல் அலைன்மென்ட் மெக்கானிக்,
மர்பி டவுன், பெங்களூரு.